தெள்ளும் மாஸ்டரின் வலது கையும்

மாட்டுக்கு ஊசி போடத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது. ஆனால் தீவுப்பகுதியில் நான் அதிகம் குனிந்து பார்த்தது பூனைக்குட்டியின் கழுத்தைத்தான்.

நான் வைத்தியர் இல்லை. கால்நடைக் கந்தோரில் ஒரு வெளிக்கள உத்தியோகத்தர். உண்மையான வைத்தியர் கிழமைக்கு இரண்டு நாள் யாழ்ப்பாணத்திலிருந்து வருவார். மிச்ச நாள்களில் கதவு திறந்திருக்கும், உள்ளே நான் இருப்பேன், அதனால் சனம் என்னை மாட்டு டொக்டர் என்று கூப்பிட்டது. இல்லையில்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் விட்டுவிட்டேன்.

போர்நிறுத்தம் வந்து ஏ-நைன் பாதை திறந்து, வன்னியிலும் கொழும்பிலும் சிதறியிருந்தவர்கள் வேலணை, சரவணை, புங்குடுதீவு என்று திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. சனம் வரும்வரை காலியாக இருந்த வீடுகளில் பூனையும் நாயும் இருந்தன, அவற்றின் உடம்பில் தெள்ளுப்பூச்சி இருந்தது. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, பேனையின் பின்பக்கத்தால் சொறிந்தபடி கந்தோர் வேலை பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இதை வாசிக்கும்போதே கணுக்கால் கடிக்கத் தொடங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதுகிற எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

பூட்டிக் கிடந்த வீடு

சரவணையில் நடராசா மாஸ்டரின் வீடு பத்து வருசத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. பூட்டு மனிதருக்குத்தான். பின்பக்கத்து ஓடு விழுந்த இடைவெளியால் பூனைகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்திருக்கின்றன. மாஸ்டரும் மனைவி பராசக்தி அக்காவும் வவுனியாவிலிருந்து திரும்பியபோது, படுக்கையறை மூலையில் ஒரு தாய்ப்பூனை நாலு குட்டிகளோடு படுத்திருந்தது. நான் போன அன்று வெள்ளைக் காலுறை போட்டிருந்தேன். விறாந்தையைத் தாண்டி உள்ளே பத்தடி வைத்திருப்பேன். காலுறையில் மிளகுத்தூள் கொட்டினதுபோல இருந்தது. பிறகு அந்த மிளகுத்தூள் நடந்தது.

வைத்தியர் எனக்குப் படிப்பித்ததை நான் அக்காவுக்குச் சொன்னேன். பூனையில் தெரிகிற தெள்ளு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வீட்டில். முட்டை உதிர்ந்து நிலவெடிப்பிலும் பாய்க்கு அடியிலும் கிடக்கும். புழுவாகும், கூடு கட்டும், காலடி அதிர்ந்தால் வெளியே வரும். அதனால் பூனையை மட்டும் பார்த்துப் பயனில்லை, வீட்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மருந்து அடிப்பதென்றால் வீட்டில் உள்ளவர்கள் இரண்டு நாள் வேறெங்காவது போய் இருப்பது நல்லது. இதைச் சொல்லி முடித்த பிறகுதான் கட்டிலில் கிடந்த மாஸ்டரைப் பார்த்தேன், அவரை எங்கேயும் கொண்டுபோக ஏலாது.

மாஸ்டருக்கு முந்தின வருசம் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. வலது கையால் ஒரு றப்பர் பந்தைப் பிடித்துப் பிடித்து விடவேண்டும், இல்லாவிட்டால் கை இப்படியே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முப்பது வருசம் கணக்குப் படிப்பித்த மனிதர் பந்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒரு குட்டி கட்டிலில் ஏறி, சுவர்ப்பக்கமாக, அவருடைய இடது கை எட்டாத இடத்தில் படுக்கத் தொடங்கியிருக்கிறது. ஒருநாள் அந்த வலது கை அசைந்து குட்டியின் முதுகில் பட்டதை அக்கா கண்டார். அடுத்த நாளும் அசைந்தது. ஆனால் குட்டியோடு தெள்ளும் கட்டிலுக்கு வந்தது. வலது கால் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது, மாஸ்டருக்கு அதைச் சொறியவும் ஏலாது. அக்கா என்னை வாசல்வரை கூட்டிவந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, தெள்ளுப் போகவேணும், பூனை போகக்கூடாது. இவற்ர கை அந்தக் குட்டியிலதான் கிடக்கு."

சந்திக் கடை

குட்டிகளுக்கு ஒரு மாதம்தான் இருக்கும். அந்த வயதில் தெள்ளு மருந்து எதுவும் கூடாது, சீப்பும் சவுக்காரமும்தான் வைத்தியம் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நான் சந்திக் கடைக்குப் போய் பல் நெருக்கமான பேன் சீப்பு இரண்டும், குழந்தைப் பிள்ளைச் சவுக்காரம் ஒன்றும் கேட்டேன். கடைக்காரர் என் தலையைப் பார்த்தார். பிறகு தன்னுடைய கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். எனக்கில்லை, பூனைக்கு என்றேன். கடையில் நின்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைக்காரர் சீப்பைக் கடதாசியில் இரண்டு தரம் சுற்றி, யாரும் காணாத மாதிரி என் கையில் வைத்தார்: "பூனைக்கெண்டு சொல்லி வாங்கின ஆக்களை நான் கனபேரைக் கண்டனான். வெக்கப்படாதேங்கோ."

புகையிலைத் தண்ணி

தெள்ளுக்கு மருந்து தெரியாத ஆள் தீவில் கிடையாது. ஒருவர் மண்ணெண்ணெய் என்பார், ஒருவர் பினைல் என்பார், மலேரியாவுக்கு அடிக்கிற தூள் தன்னிடம் பழசு கொஞ்சம் இருக்கிறது என்று இன்னொருவர் போத்தலோடு வருவார். பூனை தன் உடம்பை நக்குகிற சீவன், மேலே பூசுவதெல்லாம் வயிற்றுக்குள் போகும் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். தலையாட்டுவார்கள். தலையாட்டுகிறவர்களை நம்பக்கூடாது என்பதை நான் அப்போது படிக்கவில்லை.

மாஸ்டரின் பக்கத்து வளவு வேலுப்பிள்ளை அண்ணை புகையிலைத் தோட்டம் செய்கிறவர். நல்ல மனிதர். திரும்பி வந்த நாள் தொடக்கம் அந்த வீட்டுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவர். புகையிலைக் காம்பை ஊறவைத்த தண்ணீரைக் கன்றுகளுக்குப் பூச்சி பிடித்தாலும் மாட்டுக்கு உண்ணி பிடித்தாலும் அடிப்பது அவர்கள் வழக்கம். அக்கா குசினியில் நின்ற நேரம் பார்த்து, உதவி செய்கிற எண்ணத்தில், மண்ணிறக் குட்டியைத் தூக்கி அந்தத் தண்ணீர் வாளியில் கழுத்துவரை அமிழ்த்தி எடுத்துவிட்டார்.

நான் போனபோது குட்டி வாயால் எச்சில் வழிய நடுங்கிக்கொண்டிருந்தது. சவுக்காரம் போட்டுக் கழுவி, துவாயில் சுற்றி, சேட்டுக்குள் வைத்துக்கொண்டு கந்தோருக்குச் சைக்கிள் மிதித்தேன். அன்று வைத்தியர் வருகிற நாள். பாதி வழியில் நடுக்கம் நின்றது. சுகமாகிவிட்டது என்று நினைத்தேன், இறங்கிப் பார்த்தால் அப்படியில்லை. திரும்பி வந்து முருங்கைக்குக் கீழே குழி வெட்டித் தாட்டோம். எனக்குக் கோபம் வரவில்லை, பெரிய களைப்பு ஒன்றுதான் வந்தது. வேலுப்பிள்ளை அண்ணை மண்வெட்டியைக் கீழே வைக்காமல் நின்றார்: "மாட்டுக்குச் செய்தால் மாட்டுக்கு ஒண்டும் வாறேல்லைத் தம்பி. இது இவ்வளவு சின்னச் சாமானெண்டு எனக்கு யோசினை வரேல்லை."

நல்ல தண்ணி

மிச்சம் மூன்று குட்டி. அவற்றில் மாஸ்டரின் கட்டிலில் படுக்கிற வெள்ளைக் குட்டிதான் மோசம். வாயைத் திறந்து பார்த்தால் பல்லைச் சுற்றின முரசு வெளிறிக் கிடந்தது. தெள்ளு இரத்தத்தைக் குடித்துக் குடித்தே சின்னக் குட்டிகளைக் கொன்றுவிடும், காத்திருக்க நேரமில்லை.

குளிப்பாட்டுவது பெரிய வித்தையில்லை. பிள்ளைக்கு வார்க்கிற சூட்டில் தண்ணீர் எடுத்து, முதலில் கழுத்தைச் சுற்றிச் சவுக்கார நுரை போடவேண்டும். நனைந்தவுடன் தெள்ளு எல்லாம் முகத்துக்கு ஓடும், நுரை அதை மறிக்கும். முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். கெதியாக முடித்து, நன்றாகத் துவட்டி, சூடாக வைத்துச் சீப்பால் வாரி, சீப்பில் வருவதைச் சவுக்காரத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போடவேண்டும். இவ்வளவுதான். ஆனால் சரவணைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிற சவர். அதில் சவுக்காரம் நுரைக்காது, தயிர்போலத் திரளும். நுரை வராவிட்டால் இந்த வைத்தியமே இல்லை.

ஆகவே குடிக்கிற தண்ணீரில் குளிப்பாட்ட முடிவெடுத்தேன். சைக்கிளின் இரண்டு பக்கமும் கலன்களைக் கட்டிக்கொண்டு நல்ல தண்ணீர்க் கிணற்றடிக்குப் போய் வரிசையில் நின்றேன். எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று கேட்டார்கள். பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வெயிலும் அலுப்பும் சேர்ந்து பொய் வரவில்லை. எனக்கு முன்னால் நின்ற அம்மா தன் குடத்தை இடுப்பில் ஏற்றியபடி திரும்பிப் பார்த்தார்: "என்ர பேரப்பிள்ளையள் உப்புத் தண்ணியில முழுகுதுகள். பூனைக்கு நல்ல தண்ணியாம். ஊத்துங்கோ, ஊத்துங்கோ, நாடு சமாதானமாயிட்டுதுதானே."

தாய்க்கு நாடுகடத்தல்

குட்டி செத்ததற்குப் பரிகாரமாக ஏதாவது செய்யவேண்டும் என்று வேலுப்பிள்ளை அண்ணைக்கு மனம் அரித்திருக்கிறது. தெள்ளின் வேரைப் பிடுங்குவதாக நினைத்துத் தாய்ப்பூனையைச் சாக்கில் போட்டு, ஊர்காவற்றுறை இறங்குதுறையில் எழுவைதீவுக்குப் போகிற வள்ளத்தில் ஏற்றிவிட்டார். தீவாருக்குப் பூனையைத் துலைப்பதற்கு இது பழைய முறை. வீதியால் விட்டால் பூனை திரும்பி வரும், கடலைத் தாண்டி வராது. பால் குடிக்கிற குட்டிகள் மூன்றும் அக்காவின் காலைச் சுற்றிக் கத்தின. அக்கா கரைத்த பால்மாவில் பஞ்சை நனைத்து வாயில் வைத்துப் பார்த்தார். வெள்ளைக் குட்டி குடிக்கவில்லை. அது போனால் மாஸ்டரின் கையும் போச்சு என்பதை அக்கா வாயால் சொல்லவில்லை, என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது.

நல்ல காலம், அந்தக் கிழமை எழுவைதீவில் எனக்கு ஆட்டுக்கு ஊசி போடுகிற வேலை இருந்தது. கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த சூசை அண்ணையிடம் விசாரித்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல் வலைக் குவியலுக்குப் பின்னால் கையைக் காட்டினார். வெள்ளையும் கறுப்புமாகத் தாய் படுத்திருந்தது, அதைச் சுற்றி வேறும் ஐந்தாறு பூனைகள். சாக்கு அவரே தந்தார்: "கொண்டுபோங்கோ தம்பி. எல்லாத் தீவும் தங்கட பூனையை எங்களிட்டத்தான் விடுது. நாங்கள் ஆரிட்டக் கொண்டுபோய் விடுறது?"

சாக்குச் சோதனை

திரும்பி வரும்போது இறங்குதுறையில் காவல் நின்ற கடற்படைப் பெடியன் சாக்கை அவிழ்க்கச் சொன்னான். அவிழ்க்கவேண்டாம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அதனால் சந்தேகம் கூடி அவனே அவிழ்த்தான். பூனை அவன் தோளில் ஏறித் தகரக் கொட்டிலுக்குள் பாய்ந்தது. அதைப் பிடிக்க எங்கள் இரண்டு பேருக்கும் அரைமணித்தியாலம் போயிருக்கும், அவ்வளவு நேரமும் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். அடுத்த கிழமை நான் அதே வழியால் போனபோது அவன் சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவைத்துக் காலைச் சொறிந்துகொண்டிருந்தான். தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தான்: "டொக்டர், உங்கட பூனை போனது. மற்றது எல்லாம் இங்க நிக்குது."

என் வீட்டுப் படலை

தாய் வந்து படுத்ததும் வெள்ளைக் குட்டி பால் குடிக்கத் தொடங்கியது. தாய்க்கு வைத்தியர் பூனைக்கென்றே உள்ள மருந்தை நிறை பார்த்து அளந்து போட்டார். குட்டிகளைக் கிழமைக்கு ஒரு தரம் குளிப்பாட்டி, நாளாந்தம் சீப்பால் வாரினோம். மாஸ்டரின் விரிப்பைத் தினமும் கொதிநீரில் போட்டோம், அதற்குச் சவர்த் தண்ணீர் போதும். பாய்களை வெயிலில் போட்டு, நிலவெடிப்புகளைத் தும்புத்தடியால் கிண்டிக் கூட்டி, கூட்டினதை அன்றன்றே எரித்தோம். அக்கா கூட்டிக் கூட்டி இடுப்பு நாரி பிடித்துப் போனார். கந்தோர் முடிந்து போகிற வழியில் நானும் கூட்டினேன். என் உத்தியோகக் கடமைகளில் அடுத்தவன் வீடு கூட்டுவது இருந்ததாக ஞாபகமில்லை.

இதன் பலன் என் வீட்டில் தெரிந்தது. மனைவி ஒருநாள் தன் முழங்கையில் மூன்று சிவப்புப் புள்ளி வரிசையாக இருப்பதைக் காட்டினார். அடுத்த நாள் பின்னேரம் நான் வந்தபோது வாசல் படலையின் வேலிக் கதியாலில் உடுக்கிற சாரம் ஒன்றும், கீழே ஒரு வாளி சுடுதண்ணீரும் இருந்தன. படலை உள்பக்கமாகக் கொளுவியிருந்தது. வீதியில் சனம் போய் வருகிற நேரம். மனைவி கிணற்றடியில் நின்றபடியே சொன்னார்: "உத்தியோகத்தை அங்கேயே கழட்டி வாளிக்குள்ள போட்டிட்டு, நீங்கள் மட்டும் உள்ள வாங்கோ."

கனடாக் குப்பி

இரண்டு கிழமை போல தெள்ளுக் குறைந்தது. மாஸ்டரின் காலில் தடிப்பு ஆறியது, வெள்ளைக் குட்டியின் முரசு கொஞ்சம் சிவந்தது. பிறகு ஒருநாள் காலை விரிப்பில் மறுபடியும் மிளகுத்தூள். கூட்டுக்குள் இருந்தவை இப்போதுதான் வெளியே வருகின்றன, புதிதாக முட்டை போட விடாவிட்டால் இதோடு முடியும், இன்னும் கொஞ்சக் காலம் இப்படியே செய்வோம் என்று சொன்னேன். அக்கா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு நிலத்தில் குந்தி அழுதார். ஒரு வருசமாகக் கணவனைத் தூக்கித் திருப்பிக் கழுவின மனுசி, தெள்ளுக்காகத்தான் அழுததாக நான் நினைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் கனடாவில் இருக்கிற அக்காவின் தம்பி, ஊருக்கு வந்த ஒருவரிடம் தெள்ளு மருந்துக் குப்பிகள் கொடுத்துவிட்டிருந்தார். ஒரு சொட்டுக் கழுத்தில் விட்டால் போதுமாம், வீடு கூட்டத் தேவையில்லையாம். அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்ததைக் கண்டேன். பெட்டியில் நாயின் படம் போட்டிருந்தது. வைத்தியரிடம் காட்டினேன். நாய்க்குச் செய்த இந்த மருந்து பூனைக்கு நஞ்சு, பெரிய பூனையே வலிப்பு வந்து சாகும், குட்டி தாங்காது என்றார். இதைப் போய் அக்காவுக்குச் சொன்னவன் நான். வேலணையில் தொலைபேசிக் கடையில் வைத்து அக்கா றிசீவரை என்னிடம் தந்து, தம்பிக்கும் என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து தம்பி கேட்டார்: "இஞ்ச எல்லாரும் விடுகினம். அங்க பூனைக்கும் நாய்க்கும் வித்தியாசம் பாக்கிற அளவுக்கு ஊர் முன்னேறிட்டுதோ?"

மாஸ்டரைக் கேட்டது

பழைய மாதிரியே கூட்டினோம், அவித்தோம், வாரினோம். வேலுப்பிள்ளை அண்ணை எதிலும் கை வைக்காமல் நல்ல தண்ணீர் மட்டும் அள்ளிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். பிறகு ஒரு கிழமை விரிப்பு வெள்ளையாகவே இருந்தது. அடுத்த கிழமையும் அப்படியே. நான் மறுபடியும் வெள்ளைக் காலுறையோடு எல்லா அறையும் நடந்து பார்த்தேன், ஒன்றும் ஏறவில்லை. வெள்ளைக் குட்டி கொழுத்துப் போயிருந்தது. மாஸ்டருக்குப் பேச்சு ஒரு சொல், இரண்டு சொல்லாக வரத் தொடங்கியிருந்தது. தண்ணி என்பார், வெளியில என்பார். வலது கை நன்றாகவே அசைந்தது. விரல்கள் விரிந்து, குட்டியின் முதுகில் அழுந்தி, முழங்கை நீளும்வரை போய்த் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, எந்தப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டார்களாம்.

அன்றைக்கு அக்கா பிளேன்ரீ போட்டுக் கொண்டுவந்து தந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து குடித்தேன். இத்தனை நாளும் அந்தக் கதிரையில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது. சந்தோசத்தில், சும்மா ஒரு பேச்சுக்கு, மாஸ்டர், குட்டியை வடிவாகத் தடவுகிறீர்கள் என்றேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். கணக்கைப் பிழையாகச் செய்துவிட்டு முதல் ஆளாகக் கொப்பியை நீட்டுகிற பெடியனைப் பார்க்கிற பார்வை. பிறகு சொற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார்.

"தடவேல்லை. தள்ளினனான்."

மாஸ்டர் மூச்சு எடுத்து மிச்சத்தையும் சொன்னார்.

"எனக்குப் பூனை... அருவருப்பு. ஆரும் கேக்கேல்லை."

குட்டி சுவர்ப்பக்கத்தில் நித்திரையாகக் கிடந்தது. அந்தக் கை மறுபடியும் அசைந்து, முதுகில் உள்ளங்கையை வைத்து, மெதுவாக, ஆனால் நல்ல பலத்தோடு, கட்டிலின் கால்மாட்டுக்கு அதைத் தள்ளிக்கொண்டு போனது. ஒரு வேலையாகவே செய்துகொண்டிருந்தார், வியர்த்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அழப்போகிறார் என்று நினைத்தேன். செத்த குட்டி, அள்ளின தண்ணீர், எழுவைதீவு, கனடா எல்லாம் என் கண்ணுக்குள் ஓடியது, அவருக்கும் ஓடியிருக்கும். அக்கா எழும்பிப் போய், கால்மாட்டில் கிடந்த குட்டியைத் தூக்கி, திரும்பவும் அவருடைய வலது கைக்குப் பக்கத்தில், சுவர்ப்பக்கமாக, பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார்: "அப்ப இன்னும் கொஞ்ச நாளைக்குத் தள்ளுங்கோ."

வாயில்லாச் சீவன்களைப் பார்த்துப் பார்த்தே நோயை ஊகிக்கிற உத்தியோகத்தில் இருந்தவனுக்கு, வாயுள்ள மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்ற யோசனை வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் வரும்.